மட்டம்

பத்து லிட்டர் உப்புநீர் விட்டோம் என்றார் மருத்துவர்.
தோளுக்குள் கேமரா
கலங்காமல் பார்க்க வேண்டுமே.
எவ்வளவு வெளியே வந்தது என்று கேட்டேன்.
பெரும்பாலும், என்றார்.

பெரும்பாலும்.
எங்கள் பம்பு நிலையப் பதிவேட்டில்
அந்தச் சொல்லை எழுதினால்
வேலை போய்விடும்.

இருபத்தாறு வருடமாக
ஃப்ரீஸ்லாந்தில் ஒரு தாழ்நிலத்தின்
தண்ணீருக்குக் கணக்கு வைத்திருக்கிறேன்.
கடலைவிட ஒன்றரை மீட்டர் தணிந்த புல்லில்
பசுக்கள் கால் நனையாமல் நிற்பது
யாரோ ஒருத்தி தூங்காததால்.
வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு,
மீதி எங்கே என்று கேட்பது என் தொழில்.

மீதி இதோ.
எனக்குக் கழுத்து இல்லை.
வலப்பக்கம் தாடை முடிகிற இடத்திலேயே
தோள் தொடங்கிவிடுகிறது.
ஹில்கே சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான்.
சிவப்பு விளக்கில் ஒருமுறை திரும்பி
"பாதி மல்யுத்த வீராங்கனை" என்றான்.
சிரித்தேன்.
தோலுக்கடியில் களுக்கென்றது.
நிஜமாகவே,
அரைக்குடம் குலுங்குவதுபோல.

படுக்க முடியாது. சாய்வு நாற்காலி.
மரத்துப்போன கை
விருந்தாளிபோல் மடியில் கிடந்தது.
மூன்று மணிக்கு முதுகு நனைந்து விழித்து
மருத்துவமனையை அழைத்தேன்.

"சிவப்பா, ரோஸா?"
விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
செர்ரி கழுவிய தண்ணீர்.
"மூச்சு வாங்குகிறதா? காய்ச்சல்? விரல் நீலமாகிறதா?"
இல்லை. இல்லை. இல்லை.
"அப்படியானால் துண்டை மடித்து வையுங்கள்.
அது தானாகப் போய்விடும்."

தானாக!
நான் பார்த்த எந்தத் தண்ணீரும்
தானாகப் போனதில்லை, அம்மா.

மறுநாள் அது பள்ளம் தேடிப் புறப்பட்டது.
மார்பின் ஓரம், முழங்கை,
பிறகு மணிக்கட்டு.
விரலுக்கேத்த வீக்கம் என்பார்கள்,
என் விரல் வரவுக்கு மீறிச் செலவழித்தது.
மோதிரம் சதைக்குள் முங்க ஆரம்பித்ததும்
பக்கத்து வீட்டு ஃப்ராவ்கே வந்தாள்,
சோப்பும் பல்லிடுக்கு நூலுமாக.
நெருக்கமாகச் சுற்றினாள்,
ஒரு முனையைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே வந்தாள்.
ஹில்கே ஜன்னல் பக்கம் திரும்பி
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
தன் விரலைத் தானே பிடித்தபடி.
கழன்றபோது
காப்பித் தட்டில் அது சின்னதாகச் சத்தமிட்டது.
இருபத்தொரு வருட வெயில் படாத
ஒரு வெள்ளை இடுப்பு என் விரலுக்கு.

அந்த நேரம் பார்த்து சீட்ஸேயின் குறுஞ்செய்தி:
மட்டம் ஆறு சென்டிமீட்டர் ஏறிவிட்டது,
இரண்டாவது பம்பைப் போடவா, காத்திருக்கவா?
இடது கட்டைவிரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினேன்:
போடு.

பிறகு கையைத் தலையணைமேல் ஏற்றி வைத்தேன்,
நெஞ்சைவிட உயரமாக.
அவ்வளவுதான் என்னால் முடிந்தது.
பனிக்கட்டிப் பை. இருபது நிமிடம். எடு.
மோட்டார் இல்லை, மதகு இல்லை.

ஆனாலும் அன்று இரவு
ஏழு முறை கழிவறைக்கு எழுந்தேன்.
ஒவ்வொரு தடவையும் மாத்திரை அட்டையின் பின்னால்
இடது கையால் ஒரு கோணல் கோடு.
பழக்கம்.
ஏழாவது கோட்டோடு விடிந்தது,
கண்ணாடியில் தாடை எலும்பின் மூலை
மழை வடிந்த வரப்புபோல்
கொஞ்சம் தெரிந்தது.

சீட்ஸே மறுபடி எழுதியிருந்தான்: இறங்குகிறது.
இங்கேயும், என்று அனுப்பினேன்.
அவனுக்குப் புரிந்திருக்காது.

மோதிரத்தைப் போட்டுப் பார்த்தேன்.
இரண்டாவது கணுவரை வந்து நின்றது.
நான் தள்ளவில்லை.