எட்டு கிளிப்

நான் லிஃப்ட் மெக்கானிக்.
டவுன்ஹால் ரோட்டில் பதினோரு லாட்ஜ்,
கே.கே. நகரில் இரண்டு ஆஸ்பத்திரி.
யாரும் விழாமல் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.
என் பெயர்கூடத் தெரியாமல்
கதவு திறந்ததும் உள்ளே வந்து நிற்கிறார்கள்
கையில் பரோட்டாப் பொட்டலத்தோடு.

அந்த மாதிரி ஒரு நம்பிக்கையை
ஷம்ஷாத் எனக்குத் தரவில்லை.

மேலூருக்கு அப்பால் கைவிட்ட கல்குவாரி.
மலையை உள்ளிருந்து அறுத்தெடுத்த நேர்ச்சுவர்,
அடியில் பாதி பச்சைத் தண்ணீர், பாதி மண்.
அவள் மேலிருந்து குதித்ததை
எதிர்மேட்டில் ஆட்டுக்காரனோடு நின்று பார்த்தேன்.
குடை விரிந்த சத்தம் பிறகுதான் வந்தது,
ஈரவேட்டியை உதறினாற்போல்.

"பிளேன்லருந்து எத்தனை தடவைண்ணே?"
"நூத்தியிருவது" என்றேன்.
துபாயில் லிஃப்ட் போட்ட காலத்தில்
சம்பளத்தில் பாதியை வானத்தில் கொட்டியவன் நான்.
"நோட்டைக் கொண்டாங்க."
நோட்டில் எண்பத்து நாலுதான் இருந்தது.
கடைசிப் பக்கம் வரை புரட்டி மூடினாள்.
"அடுத்த வருஷம் பாப்போம்ணே."

அவளுக்கு இருபத்தாறு. எனக்கு முப்பத்தொன்பது.

அந்த வருஷம் முழுக்க
வேன் ஓட்டினேன், தண்ணீர்க் கேன் தூக்கினேன்,
விளிம்பிலிருந்து கல் போட்டு விநாடி எண்ணினேன்.
அவள் இறங்கும் மண்ணில்
சீமைக்கருவேல முள் பொறுக்கினேன்.
"அந்தப் புள்ள ஒங்களுக்கு என்னதான் சொல்லித் தருது?"
வீட்டில் கேட்டாள்.
"முள் பொறுக்க" என்றேன்.

முன்பு ஒருவனை அழைத்து வந்திருக்கிறாள்.
பெயர் சொல்வதில்லை.
தண்ணீர் ஓரத்து அந்தப் பாறையைக் கடக்கையில் மட்டும்
வேகமாக நடப்பாள்.

ஆடி மாதம். கல்யாணம் கிடையாது;
ஒத்தக்கடையில் மண்டபம் மலிவாகக் கிடைத்தது.
மணமேடையில் பாராசூட்டை விரித்து
"இன்னைக்கு நீங்க மடிங்க" என்றாள்.
காலையில் அவள் முதுகில் போகப்போவது.
மடிப்பு நழுவாமலிருக்க
விளக்குத்தூணில் வாங்கிய சிவப்புத் துணிக்கிளிப் எட்டு.
போட்டேன், எடுத்தேன், மூடினேன்.

ராத்திரி, தொழில் பழக்கம்,
பையைக் கொட்டி எண்ணினேன்.
ஸ்பானர் சரி. டெஸ்டர் சரி.
கிளிப் ஏழு.

இன்னொரு தடவை எண்ணினால் எட்டாகிவிடும் என்று
இன்னொரு தடவை எண்ணினேன்.

மேடையில் கிடக்கும்.
பெருக்குகிற அம்மா எடுத்திருக்கும்.
சொன்னால் இன்னொரு வருஷம் முள்.
மணி இரண்டு நாற்பது. அழைத்தேன்.
"ஒரு கிளிப் குறையுது.
உள்ள இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."
கொஞ்சநேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
"வாங்க."

காஜிமார் தெரு, மாடி ஹால்.
மூன்று மணி நேரம் மடித்ததை
அரைமணியில் பிரித்தோம்.
ஒவ்வொரு மடிப்பாக, ஒவ்வொரு கயிறாக.
இல்லை.
குனிந்து கடைசி முனையைத் தூக்கும்போது
அவள்தான் பார்த்தாள்:
என் சட்டையின் பின்தொங்கலைக் கடித்துக்கொண்டு
சிவப்பாக.

பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
திட்டுவாள் என்று நின்றேன். சிரித்தால்கூடப் போதும் என்று.
கிளிப்பைக் கழற்றி என் கையில் வைத்தாள்.
"திரும்ப மடிங்கண்ணே.
ஏழு மணிக்கு எழுப்புங்க."
போய்ப் படுத்துவிட்டாள்.

நான் அவ்வளவு மெதுவாக
எந்த வேலையும் செய்ததில்லை.

கார்த்திகையில், மழை விட்ட ஒரு விடியலில்
நான் விளிம்பில் நின்றேன்.
பெரிய குடையை இழுக்கும் சின்னக்குடை
அவள் கையில். முதல் தடவை அப்படித்தான்:
நான் விடவேண்டும், அவள் பிடிக்கவேண்டும்.
எட்டு கிளிப்பும் ஒரு கயிற்றில் கோத்து
அவள் மணிக்கட்டில்.
"எண்ணிட்டேன்" என்றாள்.

காற்று இல்லை. கீழே ஆட்டுக்காரன் கைதூக்கினான்.
கதவு திறந்ததும்
பொட்டலத்தோடு உள்ளே வருகிறவர்களைப் போல
காலை எடுத்து வைத்தேன்.