குடை ஒன்று

வெங்காயத் தோல் தாள். ஈரம் வைத்து
இரும்புப் பலகையில் அழுத்தி எடுத்த நகல்.
சன்னலுக்கு நேரே உயர்த்தினால்தான் வாசிக்க முடியும்.
உயர்த்தினால், ஹாலட் துரையின் கையெழுத்துக்குள் புகுந்து
பட்டர்வொர்த் ஃபெரி போகிறது.

போன கடிதங்கள் மட்டும்தான் இந்தப் புத்தகத்தில்.
வந்தவை எந்தக் கரையானுக்கோ.
சங்கம் என்ன சொன்னதென்று
இவர் கோபத்திலிருந்து கணக்குப் போடுகிறேன்.

1884, பிப்ரவரி:
"சந்தா ஐந்து வெள்ளி தபாலில் சேர்த்தாயிற்று.
சிங்கப்பூர்க் கப்பல் கவிழ்ந்ததாகச் செய்தியில்லை."

ஏப்ரல்:
"கூட்டக் குறிப்பில் என் ஓதக் கட்டுரையைத்
துணுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள்.
நாற்பத்தொரு பக்கம், ஐயா.
தலைவரின் வண்டுக்கு வண்ணப்படம் மூன்று;
என் கடலுக்கு ஓர் அட்டவணைகூட இல்லை."

ஜூன் கடிதம் சின்னது.
"குடை ஒன்று வேண்டும். விலை எண்பது காசு.
ஓதக்கோல் பார்ப்பவன்
கோட்டை முனைப் படியில் இரவு மழையில் நிற்கிறான்."
பெயர் இல்லை. பார்ப்பவன், அவ்வளவுதான்.

ஜூலையில் பேனா அழுந்தி மை பரவியிருக்கிறது:
"குடை விஞ்ஞானக் கருவி ஆகாதென்று
ஏழுக்கு மூன்று வாக்கில் தீர்மானித்தீர்களாம்.
ஆண்டு விருந்தின் ஐஸ்கட்டி
எந்தக் கருவிக் கணக்கில் வந்தது?"

உயர்ந்த ஏழு கைகளை நினைத்துப் பார்க்கிறேன்.
வீடு திரும்பும்போது
ஒவ்வொன்றும் ஒரு குடை பிடித்திருக்கும்.

செப்டம்பர்:
"ஒன்பதாம் தேதி, பின்னிரவு மூன்று மணி அளவை
வளைகோடு அழகாக வரவேண்டுமென்று
பதிப்பாசிரியர் நாலங்குலம் குறைத்துவிட்டார்.
கடல் அவரைக் கேட்டு ஏறவில்லை.
என் ராஜினாமா இத்துடன்."

அடுத்த தாள், அக்டோபர்:
வரும் ஆண்டுச் சந்தா எவ்வளவென்று
பணிவாக விசாரிக்கிறார்.

மூடப்போனேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் தாளில்
ஏதோ சுழிகள். பர்மிய எழுத்தோ என்று நினைத்தேன்.
யாரோ மாற்றி வைத்து அழுத்தியிருக்கிறார்கள்.
திருப்பிப் பிடித்தேன். தமிழ்.

"துரை தன் கைக்காசில் கொடுத்த குடை ஒன்று
பெற்றுக்கொண்டேன்.
ஒரு கம்பி ஒடிந்திருக்கிறது.
மாற்றித் தரவும்.
தொப்பளான்."

சத்தியமாக அதுதான் பெயர். நான் வைக்கவில்லை.

பதிவு அட்டையில் 'கடிதம் எழுதியவர்' கட்டம்
ஒரு பெயருக்குத்தான் இடம் விடுகிறது.
நுணுக்கி எழுதினேன்.