பூட்டியிருந்தது

மார்ச் மழை விட்ட வாரம்
சேன்-லூயியில் சந்து சந்தாய் ஏறி இறங்கி
மிலேன் கரூப்பாயி கொண்டுவந்து கொட்டியது
எண்களையல்ல, நனைந்த தாள்களை.
‘பழைய டயர், தண்ணீர் உண்டு, மூன்று பேருக்குக் காய்ச்சல்.’
‘தண்ணீர் இல்லை, காய்ச்சல் இல்லை, நாய் உண்டு.’

நாயை விட்டுவிட்டேன்.
தேங்கிய நீரைக் குறுக்கே வைத்து
காய்ச்சலை நெடுக்கே இறக்கினேன்.
ஐம்பத்தெட்டு, நாற்பத்தொன்று,
பன்னிரண்டு, எண்பத்தாறு.
ஊரே நாலு கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது,
சத்தம் போடாமல்.

எண்ணுக்கேற்ற பரப்பில் படம் வரைந்தேன்.
நீரும் காய்ச்சலும் சேர்ந்த கட்டம்
திரையில் பாதி வாசலை அடைத்து நின்றது.
தண்ணீரில்லாமலே காய்ந்த பன்னிரண்டு வீடுகள்
ஒரு கீற்று.
அழகாகத்தான் இருந்தது.
அனுப்பப் போனவள்
ஓரத்தில் கூட்டிப் பார்த்தேன்:
நூற்றுத் தொண்ணூற்றேழு.

மிலேன் தட்டிய கதவுகள் இருநூற்றுப் பதினாறு.

பதில் இல்லாத வரியை
நிரல் கேட்காமலே உதறிவிடும்;
எனக்குத் தெரிந்ததுதான்.
மறுபடி தாள்களைப் புரட்டினேன்.
‘பூட்டியிருந்தது.’ ‘பூட்டியிருந்தது.’
பத்தொன்பது தடவை,
கடைசிக்கு வரவர எழுத்து சாய்ந்திருந்தது
அவள் கால் வலியில்.

பதினோராவது தாளில் என் தெரு.
என் கதவு எண்.
பகலில் ஆளில்லை;
ஆள் இங்கே எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதாய் ஒரு வரிசை திறந்தேன்: தெரியாது.
படம் கோணிக்கொண்டது. அப்படியே அனுப்பினேன்.

இரவு வீட்டுக்கு வந்து
விளக்குப் போடுமுன்
பெரணித் தொட்டியின் அடித்தட்டில் விரல் விட்டேன்.

உண்டு.
மற்றக் கட்டம்
இன்னும் காலி.