அரை ஆயுசு

வாடை அடித்த ஐப்பசி.
சம்பா நட்டு இருபது நாள்.
வடக்கே கடற்கரையில் ஏதோ உருகிவிட்டது என்றார்கள்.
எங்களிடம் வந்து சேர்ந்தது மழைதான்.
அடப்பாறு நிறம் மாற,
வேண்டி வேண்டி வாங்கும் அதே மழை.

அதில் நனையாதீர்கள் என்று
தெருத்தெருவாய்ச் சொல்ல வேண்டியவள் நான்,
தலைஞாயிறு பக்கத்துக் கிராமச் செவிலி.
'குடை பிடிச்சுக்கிட்டுக் களை எடுக்கவா?'
என்றாள் இளஞ்சியம், இடுப்புவரை ஈரத்தோடு.

மாத்திரை மூன்றாம் நாள் வந்தது.
முதல் நாளே வந்திருக்க வேண்டும்.
பதிவேட்டில் அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.
கைக்குழந்தைக்குக் கால், பள்ளிப்பிள்ளைக்குப் பாதி,
நாற்பது தாண்டியவருக்கு வேண்டாம்.
'எனக்கு மட்டும் உசுரு இல்லியா?'
வைரக்கண்ணு வரிசையை விட்டு நகரவில்லை.
கழுத்தில் ஒரு சுரப்பி, பிள்ளைகளுக்கு அது பசியோடிருக்கும்,
கெட்டதைத் தின்பதற்குமுன் நல்லதைக் கொடுக்கிறோம் என்றேன்.
முணுமுணுத்தபடியே
கூட்டத்துக்குத் தார்ப்பாய் பிடித்து நின்றார்
மாலைவரை.

மருத்துவர் வந்து ஒலிபெருக்கியில் சொன்னார்:
'அயோடினுக்கு அரை ஆயுள் எட்டு நாள்.'
பள்ளிக்கூடத் தாழ்வாரம் பேச்சற்றுப் போனது.
பின்னாலிருந்து ஒரு குரல்:
'அரை ஆயுசா? யாருக்கு?'

மழையைவிட வேகமாக
அந்தச் சொல் ஊரை நனைத்தது.
பொழுது விடிவதற்குள் மூன்று குடும்பம்
பூட்டிவிட்டுத் திருச்சி பஸ் ஏறியிருந்தது.
வீடுவீடாகப் போய்ச் சொன்னேன்:
அரை ஆயுசு உங்களுக்கில்லை, அதுக்கு.
எட்டு நாளில் பாதி சாகும்,
அடுத்த எட்டில் மிச்சத்தில் பாதி.
சிலர் சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பு எனக்கும் தேவையாக இருந்தது.

ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை.
நாலு மாதம்.
இரவு பத்து மணிக்கு வந்து
வாசல் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள்:
'கலைச்சிரலாமாக்கா?'
பயப்படாதே என்று சொல்லவில்லை.
அந்த வார்த்தையை ரேடியோ தேய்த்துத் தீர்த்திருந்தது.
அவள் கழுத்தில் கருவி வைத்து எடுத்த எண்ணைக் காட்டினேன்.
அது எவ்வளவு சின்னது என்று சொன்னேன்.
எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றேன்.
சேவல் கூவும்வரை உட்கார்ந்திருந்தோம்,
பெரும்பாலும் அவள் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டு.

பால் சங்கச் சுவரில் ஒரு கரும்பலகை.
லிட்டருக்கு இத்தனை பெக்கரல், தினமும்.
நூறு தாண்டினால் பால் குழிக்கு.
முந்நூற்று நாற்பது எழுதிய நாளில்
மேலிடத்திலிருந்து போன்:
'எண் வேண்டாம்மா, பாதுகாப்புன்னு மட்டும் எழுதுங்க.'
சரி சார் என்றேன்.
எண்ணை அழிக்கவில்லை.

இறங்கி இறங்கி நாற்பதுக்கு வந்த பத்தொன்பதாம் நாள்
பக்கிரிசாமி வீட்டுப் பால் மட்டும் இருநூற்றுப் பத்து.
மழையில் நனைந்த வைக்கோல் போரைப் பிரித்து
மாட்டுக்குப் போட்டிருந்தார்.
பேரோடு எழுதவில்லை, ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது.
நாலு நாள் என்னிடம் பேசவில்லை.
ஐந்தாம் நாள் இளஞ்சியம்
கூரைக்குள் கிடந்த பழைய வைக்கோலில்
இரண்டு கட்டு அவருக்கு அனுப்பினாள்.

தையில் கதிர் சாய்ந்தபோது எண்பது நாள்.
பத்து முறை பாதியானால்
ஆயிரத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.
சீசியத்தின் கணக்கு வேறு, அது முப்பது வருஷம்.
வயல்வயலாக மண் அள்ளிப் போயிருக்கிறார்கள்,
முடிவு இன்னும் வரவில்லை.
அதுவும் பலகையில் இருக்கிறது: 'வரவில்லை.'

ஆனால் திருத்துறைப்பூண்டி டீக்கடையில்
'தலைஞாயிறு பாலா?' என்று கேனைத் திருப்புகிறார்கள்.
இளஞ்சியம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்
காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.
இதற்கு எத்தனை நாள் அரை ஆயுசு?
எந்தக் கருவியை எங்கே வைப்பது?

பங்குனியில் ஒரு காலை பலகைக்குப் போனேன்.
நேற்று நான் எழுதியது அப்படியே இருந்தது:
பால், கருவிக்கு எட்டாத அளவு.
அதன் கீழே, கோணல் கையெழுத்தில்,
யாரோ சாக்பீஸால் சேர்த்திருந்தார்கள்:
மேரிக்குப் பெண். இரண்டு கிலோ எண்ணூறு.

பக்கிரிசாமியாக இருக்கலாம்.
கேட்கவில்லை.