நகராத புள்ளி

விமானி அறையின் கண்ணாடிக் கூரைக்குள்
ஈயம் போர்த்திய ஒரு நூல்
வளைந்து வளைந்து போகிறது,
பிள்ளை கிறுக்கிய ஆறு மாதிரி.
இருக்கைப் பிடியை இழுத்தால்
முதலில் அது வெடிக்கும்,
கூரை நொறுங்கி வழிவிடும்,
பிறகுதான் நான்.
முகத்திரையை இறக்கியே வை என்கிறது கையேடு.
உயிரைக் காக்கிற வெடி
கழுத்தில் ஈயப் பொட்டு வைக்காமல் விடாதாம்.

அதில் எனக்குப் புகார் இல்லை.

தெங்காவில் எழும்பி
கல்லறைகளையும் மீன்பண்ணைகளையும் தாண்டினால்
புகைமூட்ட மாதத்தில் வானமும் இல்லை, கடலும் இல்லை,
கழுநீர் நிறத்தில் ஒரு வெளுப்பு.
பார்க்க ஒன்றும் இல்லாதபோது
கண் சோம்பேறி,
கைக்கெட்டும் தூரத்துக் கோட்டைப் பிடித்துக்கொண்டு
அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.
தொலைவெல்லாம் மசங்கிப்போகும்.

இன்னொன்றும் உண்டு.
கண்ணாடியில் நகர்கிற புள்ளிக்கு
வேறு ஊர், வேறு சோலி.
நகராமல் நின்று
மெல்லப் பருக்கிற புள்ளிதான்
நமக்கென்றே புறப்பட்டது.
அது ஒளிய
அரை விரல் அகலம் போதும்.

போன செவ்வாய், இறங்குகிற நேரம்,
பின்னிருக்கையிலிருந்து ஹுய் ஷான்:
"வலப்பக்கம், பறவை!"
என் வலப்பக்கத்தில் கோடு மட்டும் இருந்தது.
தலையைச் சாய்த்தேன்.

கோட்டுக்குப் பின்னாலிருந்து
வெள்ளை வயிறும் விரித்த சிறகுமாய்
ஒரு கடற்கழுகு.
எவ்வளவு நேரமாய் அங்கே நின்றதோ.

எப்படித் திருப்பினேன் என்று கேட்காதீர்கள்.
கைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

தரையில், கோப்பி-ஓவை ஊதிக்கொண்டே சொன்னாள்:
"தலையை ஆட்டிக்கொண்டே பற என்று
உனக்குப் போய்ச் சொல்லவேண்டுமா?
ஆமாமா இல்லையா என்று புரியாதபடி
உங்கள் ஆட்கள் ஆட்டுவீர்களே."
ஆட்டினேன்.
அவளுக்குப் புரியவில்லை.
எனக்கும்தான்.

புக்கிட் பாத்தோக், பதினோராம் மாடி.
சன்னல் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
தலையைச் சாய்த்து நிற்கிறேன்.
"யாரைத் தேடுறீங்க?" என்கிறாள் பூர்ணிகா,
மகளின் பள்ளிச் சட்டையை மடித்தபடி.

எதிர்ப் புளோக்கில்
கழிகளில் காயும் துணியெல்லாம் காற்றில் ஆடுகின்றன.
ஒன்று ஆடவில்லை.

"ஈரமா இருக்கும்" என்கிறாள்.