கொடிக்கட்டை

வெல்லாவெளியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால்
லேண்ட்மாஸ்டரில் குலுங்கி வந்தன
பன்னிரண்டு கிளுவங்கட்டை.
பதினொன்று வேலிக்கு.
மிஞ்சிய ஒன்றைக் கிணற்றடியில் நட்டு
கம்பி இழுத்துக் கொடுத்தேன்
நேசமலர் உடுப்புக் காயப்போட.

வேலியில் நின்றதையெல்லாம் கறையான் தின்றது.
தலைகீழாய் நட்டேனோ என்னவோ.
கிணற்றடிக் கட்டை மட்டும்
கார்த்திகை மழைக்கு
முழங்கை உயரத்தில் ஒரு கண் திறந்தது.

அதோடு தொடங்கியது எனக்கு வேலை.
ஆடு எட்டாமல் சுற்றிவர
கிழிந்த கரைவலைத் துண்டு.
சவர்க்காரத் தண்ணீர் வேருக்குப் போகாமல்
மணலில் விரலகல வாய்க்கால்.
வருடம் ஒருமுறை கம்பியின் முடிச்சை இளக்குவேன்.
ஒரு வருடம் மறந்தேன்.
நெஞ்சுயரத்தில் இன்னும் கிடக்கிறது அந்தத் தழும்பு,
சாரம் இறுக்கிய இடுப்புப் போல.

பங்குனி கழிய ஓரிலையும் மிஞ்சாது.
கச்சான் கிளம்பினால்
பட்டை கடதாசியாய் உரிந்து
ஈரச்சேலையில் ஒட்டும்.
"நிழலும் இல்ல, காயும் இல்ல,
குப்பைக்கு மட்டும் குறைவில்ல"
நேசமலர் தட்டித் தட்டி மடிப்பாள்.

முதல் கோடையில் பயந்துபோய்
காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளி.
அடிப்பட்டை அழுகி மணத்தது.
வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.
மறுகா அது தன்பாட்டில் தேறியது.

இந்த ஆடியில்
கடப்படியில் கோடரியோடு புண்ணியமூர்த்தி.
மாட்டுக்காலைக்கு ஒரு கால் வேணுமாம்.
"பட்ட மரந்தானே அண்ணே, தாங்களன்."

நான் பேசவில்லை.
சின்னவிரல் நகத்தால் ஓரிடம் சுரண்டினேன்.
உள்ளே ஈரப்பச்சை,
மாங்காய் வெட்டிய வாசம்.
குனிந்து மோந்தான்.
கோடரியை அதே மரத்தில் சாய்த்துவிட்டு
தானும் ஒருதரம் சுரண்டிப் பார்த்தான்.

வாயில் கிளிப்பைக் கடித்தபடி நின்ற நேசமலர்
அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
"நெல்லுக் களஞ்சியத்தில பென்சன் எடுத்து வந்து
நாள் முழுக்கக் கதிரையில கிடக்கிற மனிசனையும்
ஆராவது ஒருக்காச் சுரண்டிப் பாக்கணும்."

சிரித்துக்கொண்டே போனான் அவன்,
கோடரியை மறந்து,
பிறகு அதற்காகத் திரும்பி வந்து.

மறுநாள் வெள்ளாப்பில்
கம்பியை இளக்கப் போனேன்.
முடிச்சு ஏற்கனவே இளகியிருந்தது.
பட்டைக்கும் கம்பிக்கும் நடுவே
நாலாய் மடித்த நூல்சேலைத் துண்டு,
ஊதாக்கரை.

துணி நைந்து
நிறம் வெளுத்திருந்தது.
எத்தனை வருடமாய் என்று
நான் கேட்கவில்லை.

தளிர்க்க
ஐப்பசி ஆகும்.