மஞ்சள் ஆள்

மஸ்கட்டிலிருந்து வந்த பெட்டியில்
கொழுந்தன் ஷிஜின் ஒரு ராஜ்யம் கொண்டுவந்தான்.
அட்டையில் அச்சடித்த கோட்டை, ஆலை, சந்தை, தேவாலயம்.
எழுபது சீட்டு.
தலைக்கு ஐந்து மர மனிதர்கள்:
கையில்லை, முகமில்லை,
தொப்பி மட்டும் உண்டு.

கருங்கலில் அன்று ஐப்பசி மழை.
கரண்டு மூன்று மணிக்கே போயிருந்தது.
எமர்ஜென்சி விளக்கைச் சீனிப் பரணிமேல் ஏற்றி
விதிகளை வாசித்தான்:
ஒரு இடத்துக்கு ஒரு ஆள்தான்.
சேவல் யார் பக்கமோ அவர் முதலில் வைக்கணும்.
கையில் ஐந்து சீட்டுக்கு மேல் ஆகாது.
நாலு சுற்றுக்கு ஒரு அறுவடை,
அன்றைக்கு எல்லா ஆளுக்கும் சோறு போடணும்.
"மைனி, பிடிகிட்டிச்சா?"

பன்னிரண்டு வருஷமாய்
அண்டியாபீஸில் மஸ்டர் எழுதுகிறவள் நான்.
வறுக்க மூன்று, உடைக்க இருபது,
தோலுரிக்கப் பதினாறு,
தரம் பிரிக்க, கண் தெளிவாய் இருந்தால் மட்டும்.
ஆளை வைப்பதையும் எடுப்பதையும்
எனக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

என் நிறம் மஞ்சள். எண்ணினால் நாலுதான்.
ஐந்தாமவன் ஏர்போர்ட்டிலேயே இறங்கிக்கொண்டான் போல.
அடுத்த வீட்டு ஆன்சி எழுந்துபோய்
டப்பாவிலிருந்து ஒரு முந்திரிப் பிளவை எடுத்துவந்தாள்.
பிளவு நிற்காது.
படுத்தபடியே வேலை பார்த்தது.

என் வீட்டுக்காரர் எடுத்த எடுப்பில்
ஆயர் சீட்டுக்கு ஆசைப்பட்டார்;
ஆயர் மூன்று பொன் கேட்டார்.
ஆன்சி மதில் கட்டினாள், கட்டினாள்,
உள்ளே காக்க ஒன்றுமில்லை.
ஷிஜின் சந்தையை மறித்து உட்கார்ந்தான்.
எனக்கு ஆறாவதாய் ஒரு சீட்டு வந்துவிட்டது.
கொல்லனை வீசவா, கொள்ளைநோயை வீசவா?
கொல்லன் எனக்கு உதவுவான்.
கொள்ளைநோய் அடுத்தவருக்குக் கொடுக்க உதவும்.
கொல்லனை வீசினேன்.
"மைனி பொல்லாத ஆளாக்கும்" என்றான் ஷிஜின்.

மர ஆளிடம் சில நல்ல குணங்கள்.
தோட்டெண்ணெயில் விரல் பொசுங்காது.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பதினோரு மணிக்கு வந்து நிற்காது.
நேற்று அங்கே வைத்தாய், இன்றைக்கு ஏன் இங்கே
என்று கேட்காது.
சுற்று முடிந்தால்
ஒரே வாரலில் எல்லாரும் வீடு.

நாலாம் சுற்று.
என்னிடம் ஐந்து வாய், நாலு கோதுமை.
ஒருவனைப் பட்டினி போட்டால் ஆறு புள்ளி போகும்.
சீட்டை விசிறியாய் விரித்துப் பார்க்கிறேன்,
எதிலும் சோறில்லை.
அப்போதுதான் கிறிஸ்துதாஸ்
பேச்சுவாக்கில் கையை நீட்டி
ஆலையில் படுத்திருந்த என் ஐந்தாவது ஆளை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டார்.

மெல்லுகிற சத்தம் மட்டும்.
பிறகு ஆன்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.
ஷிஜின் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான்.
ஆளைத் தின்றால் என்ன செய்வது என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.
நாலு ஆள், நாலு கோதுமை.
கணக்கு சரி.
இரண்டு புள்ளியில் ஜெயித்தேன்.

பத்து மணிக்குக் கரண்டு வந்தது.
செத்துக் கிடந்த போன் உயிர் பிடித்ததும்
திக்கணங்கோட்டிலிருந்து லீலாபாயின் குரல்:
"ஸ்டெல்லா, நாளைக்கு உடைப்புல எடம் உண்டா?
இல்லேன்னா வறுப்புல ஆனாலும் மதி.
நான் நேரத்தே வந்துருவேன்."

தூத்துக்குடி லோடு வரவில்லை.
நாளைக்குப் பதினோரு இடம்.
இவளோடு இருபது பேர்.

அட்டையை இன்னும் மடக்கவில்லை.
சேவல் என் பக்கம்தான் நிற்கிறது.
மறுபடியும் போட்டுக் கேட்டேன்.
அவள் பேச்சுக்குப் பின்னால்
தகரத்தில் மழை.
இங்கே எப்போதோ விட்டிருந்தது.